இடது கைக் கையெழுத்து

அன்புள்ள அக்காவுக்கு,

இதை யாருக்கும் காட்டாதே. உன் அறைத் தோழிக்குக்கூட. படித்ததும் கிழித்துவிடு. எல்லோரும் படுத்த பிறகு கதவைத் தாழிட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

அப்பாவுக்குச் சின்னக் கீறல் என்று அம்மா போனில் சொன்னது பொய். உனக்குப் பரீட்சை என்று மறைத்தார்கள். வலது கையில் மூன்று விரல் இல்லை. பழக்கத்தில் அந்தக் கையைத்தான் தூக்குகிறார். கதவைத் தட்ட வந்தால், ஞாபகம் வந்து முழங்கையால் இடிக்கிறார்.

கிரேன் ஓட்டியது நம் மாமாதான். கீழே இருப்பவர் கை காட்டினால்தான் தூக்க வேண்டும். பத்து வருஷம் சேர்ந்து வேலை பார்த்ததில் இவர்களுக்கு அது விட்டுப்போயிற்று. அப்பா தலையாட்டுவார், மாமா தூக்குவார். அன்று குழாய்க் கட்டைச் சுற்றிய கம்பிக்கயிறு நழுவாமல் அப்பா பிடித்திருந்தார். பக்கத்தில் ஒருவர், 'மச்சான் மேல ராஜா மாதிரி உக்காந்திருக்கார், நீங்கதான் வெயில்ல காயறீங்க' என்றாராம். அப்பா சிரித்துத் தலையாட்டினார். மாமா தூக்கிவிட்டார். கயிறு அப்பா விரல்களோடு இறுகிவிட்டது.

மாமா தினமும் வந்து அப்பாவுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடுகிறார். முகத்தைப் பார்ப்பதில்லை. 'இதுக்காவது சிக்னலுக்குக் காத்திருடா மாப்ளே' என்று அப்பா சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

தப்பு முழுக்கத் தன்னுடையது என்று அப்பா கம்பெனிக்கு எழுதித் தர வேண்டுமாம். நாளைக் காலையில் சூப்பர்வைசர் வாங்க வருகிறார். தந்தால் மாமா வேலை தப்பும். அப்பாவுக்கு நஷ்டஈடும் இல்லை, இனி அங்கே வேலையும் இல்லை. 'அவனுக்கும் ரெண்டு பிள்ளைங்க இருக்குடி' என்று அம்மா அழுகிறாள். அப்பா என்னை எழுதச் சொன்னார்.

நான் அப்படி எழுதவில்லை அக்கா. நடந்ததை நடந்தபடி எழுதிவிட்டேன், அந்தத் தலையாட்டல் உட்பட. அப்பா படித்துப் பார்க்கவில்லை. 'நீ எழுதினா சரியாத்தான் இருக்கும்' என்று இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டுப் பையில் வைத்துக்கொண்டார்.

இனி மாமா வீட்டுப் பிள்ளைகளை எப்படிப் பார்ப்பேன்? இது உன்னிடம் வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். இருந்தாலும் வா. என்னைத் திட்டுவதற்காகவாவது வா. உன் பரீட்சை

யாரோ கதவை இடிக்கிறார்கள். விரலால் தட்டுகிற சத்தம் இல்லை. கதவுக்கு வெளியே காகிதம் சரசரக்கிறது. அக்கா, அப்பா