காரை உம்முடைய பெயரில் எடும்

வெக்ஸ்போர்ட், ரொறன்ரோ
21.05.1997

அன்புள்ள தம்பி அன்புராசாவுக்கு,

ஆண்டவர் கிருபையால் இங்கே மூவரும் நடமாடுகிறோம். நீரும் றோஸ்மேரியும் சுகம் என்று போன கிழமை ரெலிபோனில் உம்முடைய குரலிலேயே தெரிந்தது. குழந்தைக்குச் சளி விட்டுவிட்டதா? குளிர்ந்த தண்ணீரில் குளிக்க வார்க்க வேண்டாம் என்று றோஸ்மேரிக்குச் சொல்லும்.

உம்முடைய அண்ணருக்கு இப்போது ஐஸ்லாந்துப் பைத்தியம். சமையலறைச் சுவரில் மடு மாதா படத்துக்குப் பக்கத்தில் அந்த நாட்டு வரைபடத்தை ஒட்டி வைத்திருக்கிறார். தீவைச் சுற்றி ஒரே ஒரு பெருந்தெரு, ஆயிரத்து முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். ஆடியில் உம்மையும் அங்கே வரவழைத்து, பத்து நாளில் சுற்றி முடிப்பாராம். நேராக நீர் இருக்கிற நோர்வேக்கே போகலாமே என்று கேட்டேன். "அங்க போனா ஊர்ச்சனம் முழுக்க வந்து குந்தும். பத்து நாளும் கோப்பை கழுவுறதிலயே போயிடும். எனக்குத் தம்பியோட ஒரு காருக்குள்ள இருக்கவேணும்" என்றார். பதினொரு வருடமாக உம்மைக் காணவில்லை. கனடா விசாவை உமக்கு இரண்டாம் முறையும் மறுத்த பிறகு அவர் வாயில் வரும் சந்தோசமான பேச்சு இது ஒன்றுதான். அதனால்தான் இவ்வளவு நாளும் நான் வாய் திறக்கவில்லை.

தம்பி, அண்ணர் காரோட்டக் கூடாது.

மாசி மாதம் லோரன்ஸ் தெருவில் பச்சை விளக்கு விழுந்தும் கார் நகரவில்லை. பின்னால் நின்றவர்கள் கோர்ண் அடித்தார்கள். நான் திரும்பிப் பார்த்தால் கண் திறந்தபடி இருக்கிறது, ஆளுக்கு நினைவில்லை. வலது கை மட்டும் சட்டைப் பொத்தானைப் பிடுங்கிக்கொண்டிருந்தது. அரை நிமிடம் இருக்கும். பிறகு ஒன்றுமே நடவாதது போல, "என்ன பாக்கிறீர்?" என்று என்னைக் கேட்டார். சித்திரையில் தேத்தண்ணீர்க் கோப்பை கையில் இருக்க இன்னொரு முறை. நித்திரை குறைவாம். டொக்டரிடம் போவோம் என்றால் எரிந்து விழுகிறார்.

ஏன் என்று எனக்குத் தெரியும். கிளினிக்கில் வேலை செய்யும் வேரோனிக்கா அன்ரியிடம், யாரோ ஒருவருக்கு என்பது போல விசாரித்தேன். இப்படி நினைவு தப்பும் வலிப்பு வருத்தம் என்றால் டொக்டர் அரசாங்கத்துக்கு அறிவித்தே ஆகவேண்டுமாம். லைசென்ஸ் போய்விடும். மருந்தில் சுகம் கண்ட பிறகுதான் திரும்பக் கிடைக்குமாம். பேக்கரிப் பாண் கொண்டுபோகும் வான் ஓட்டுகிறவர் அதுவரைக்கும் என்ன செய்வார்?

ஒன்று கேட்கிறேன், ஒளிக்காமல் எழுதும். ஊரில் ஆமி முகாமில் பிடித்து வைத்துத் தலையில் அடித்தார்களே, அதற்குப் பிறகு, எங்கள் கலியாணத்துக்கு முன், அவருக்கு இப்படி வந்ததுண்டா? நான் கோபிக்க மாட்டேன். இல்லை, கோபிப்பேன். ஆனாலும் எழுதும்.

அந்த நாட்டுத் தெருவைப் பற்றி நூலகத்தில் புத்தகம் எடுத்து வாசித்தேன். ஒரு பக்கம் மலை, மற்றப் பக்கம் கடல். கிழக்கில் தார் போடாத கிரவல் தெரு. சில பாலங்களில் ஒரு வாகனம்தான் போகலாம். ஆடியில் இரவு சரியாக இருட்டவும் மாட்டாதாம். அதைக் கேட்டு, நித்திரை கொள்ளாமலே ஓடலாம் என்று அண்ணர் குதிக்கிறார். வாடகைக் காருக்குத் தன் பெயரையும் பதியும்படி, உமக்கு அனுப்பச் சொல்லி லைசென்ஸின் போட்டோகொப்பியை என்னிடம் தந்தார். அனுப்பிவிட்டதாகப் பொய் சொல்லிவிட்டேன். காரை உம்முடைய பெயரில் மட்டும் எடும். அவர் கேட்டால் கொம்பனிக்காரன் சம்மதிக்கவில்லை என்று சொல்லும்.

24.05.1997

மேலே உள்ளதை எழுதி உறையில் வைத்தும் தபாலில் சேர்க்கத் துணிவு வரவில்லை. இன்று மெலனியைத் தமிழ் வகுப்பிலிருந்து அவர்தான் கூட்டி வந்தார். பிள்ளை சப்பாத்தும் கழற்றாமல் என்னைக் குளியலறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள். "அம்மா, டடி ரெட் லைற்ல நிக்கேல்ல. ஸ்ரொப், ஸ்ரொப் எண்டு கத்தினனான். அவருக்குக் கேக்கவேயில்ல" என்றாள். ஒரு பெண் தள்ளுவண்டிலில் குழந்தையோடு தெருவைக் கடந்துகொண்டிருந்தாளாம். கார் அவளுக்குப் பின்னால் ஒரு முழம் தள்ளிப் போயிருக்கிறது. அம்மாவுக்குச் சொல்ல வேண்டாம் என்று பிள்ளையிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். பன்னிரண்டு வயதுப் பிள்ளை, அதை மீறி வந்து சொன்னாள்.

நான் ஐஸ்லாந்து மலைகளைப் பற்றி உமக்குப் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருந்தேன். இந்த மூன்று மாதமும் இங்கே ஒவ்வொரு காலையும் சாப்பாடு கட்டிக் கொடுத்து, கையசைத்து, அவரைத் தெருவுக்கு அனுப்பியவள் நான்தான், தம்பி. அவர் முகம் விழுந்துவிடும் என்று பயந்தேன். அந்தக் குழந்தைக்கு ஏதும் நடந்திருந்தால் நான் எந்தக் கோயிலில் போய் முழந்தாளிடுவேன்?

கார்த் திறப்பும் வான் திறப்பும் கோத்த வளையம் இப்போது என் உடுப்புகளுக்குள் இருக்கிறது. அண்ணர் வரவேற்பறையில் மெத்தைகளைப் புரட்டித் தேடிக்கொண்டிருக்கிறார். இன்னும் கொஞ்ச நேரத்தில் நான் போய்ச் சொல்லத்தான் வேண்டும். திங்கள் காலை கிளினிக் திறந்ததும் டொக்டரிடமும் நானே சொல்லுவேன்.

இது உமக்குக் கிடைக்கும்போது, கிளடிஸ் என் பிழைப்பைக் கெடுத்துவிட்டாள் என்று அவர் ரெலிபோனில் சொல்லியிருப்பார். மறுத்துப் பேசாதேயும், ஏசட்டும். பயணமே வேண்டாம் என்றும் சொல்லுவார். அதற்கு மட்டும் விடாதேயும். ஆடியில் நாங்கள் வருவோம். அவர் என்னோடு பேசாமல் வந்தாலும் கூட்டிக்கொண்டு வருவேன். நீர் காரை ஓட்டும். அவரைப் பக்கத்தில் இருத்தி வழி சொல்ல விடும். பிழையாகச் சொன்னாலும் அந்த வழியாலேயே கொஞ்சத் தூரம் போம்.

மாதா உங்கள் மூவரையும் காப்பாளாக. எனக்காகவும் ஒரு மன்றாட்டுச் சொல்லும்.

உம் அன்பு அண்ணி,
கிளடிஸ்