எந்த ஏழுமலை?

நேற்று காலை என் மகள் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, தன்னோடு வேலை பார்க்கும் யாரிடமோ போனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். "ஒவ்வொரு பேஷன்ட்டும் ஒரு ஆப்ஜெக்ட், சரி. அவங்களப் பத்தின எல்லாம் அதுக்குள்ளயே இருக்கு. ஆனா லிஸ்ட்ல வரிசையா அடுக்கினா, ஒருத்தரத் தேட முதல்ல இருந்து வரணும். மேப்ல போடு, சாவியக் குடுத்தா நேரா அந்த ஆளையே எடுத்துக் குடுக்கும். பேரைச் சாவியா வைக்காத, நம்பரை வை. ஒரே பேர்ல ரெண்டாவது ஆள் வந்தா முதல் ஆள் காணாமப் போயிடுவாரு!"

நான் சிரித்துவிட்டேன். அவள் போனைக் கையால் மூடிக்கொண்டு, "இன்னா நைனா?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன். நண்பா, உன் ஞாபகம் வந்துவிட்டது என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

எண்பதுகளின் நடுவில் ஒரு வருஷம். நான் உத்திரமேரூரில் கணக்கு வாத்தியார். நீ பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தாய். எங்கள் பள்ளிக்கூடத்தில் சுற்று வட்டார ஊர்க்காரர்களுக்கெல்லாம் ரத்த வகை பார்த்தார்கள். அவசரத்துக்கு ரத்தம் கொடுக்க வருகிறவர்களின் விவரத்தை வைத்துக்கொள்ளும் பொறுப்பு என்னுடையது. வந்த வரிசைப்படி ஒரு நீள நோட்டில் அழகாக எழுதி, பெருமையோடு உன்னிடம் காட்டினேன்.

"இன்னா வாத்தியாரே, அட்டெண்டன்ஸா எடுத்துகினு கீறே? ரத்தம் வோணும்னு ஓடியாரவன நிக்க வச்சி, ஒண்ணாம் நம்பர்ல இருந்து படிச்சிக் காட்டுவியா?" என்றாய்.

உன் கடையைக் காட்டினாய். பன்னிரண்டு சைக்கிள், எல்லாம் கறுப்பு. ஒவ்வொன்றின் மட்கார்டிலும் ஒரு நம்பர். ஒவ்வொரு ஹேண்டில்பாரிலும் ஓர் அட்டை தொங்கியது. 'பிரேக் லூஸ்.' 'செயின் கழலும்.' 'பின் டயர் ஒட்டு போட்டது.'

"எதுக்கு இன்னா நோவுன்னு அது கிட்டயே கீது. தனியா ஒரு நோட்ட வச்சிக்கினு நான் ஏன் மாரடிக்கணும்?"

உன் யோசனையில் பாதியை எடுத்துக்கொண்டேன். ஆளுக்கு ஓர் அட்டை: பெயர், ஊர், வீடு இருக்குமிடம், ரத்த வகை, கடைசியாக எப்போது கொடுத்தார். இனி அந்த மனிதரைப் பற்றி எதைக் கேட்டாலும் அந்த அட்டையே சொல்லும். அட்டைகளைப் பெயர் வரிசையில் ஒரு மரப்பெட்டியில் அடுக்கினேன். பெட்டியின் மூடியில் ஒரு தாள். அதில் ரத்த வகைவாரியாகப் பெயரும் ஊரும் மட்டும். நம்பர் போடச் சொன்னாய். எனக்கு மனசு வரவில்லை. "மனுஷங்களுக்கு நம்பர் போட்டா ஜெயில் மாதிரி இருக்காதா?" என்றேன். "உன் இஷ்டம் வாத்தியாரே" என்று விட்டுவிட்டாய்.

ஒரு நாள் ஏரிக்கரைக் குடிசையிலிருந்து கன்னியம்மா என்ற பெண்ணைப் பிரசவத்துக்குக் காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். குழந்தை பிறந்தது, ரத்தம் நிற்கவில்லை. ஓ நெகடிவ் உடனே வேண்டும் என்று பதினொரு மணிக்குப் பள்ளிக்கூடத்துக்குப் போன் வந்தது. மூடியைப் பார்த்தேன். ஓ நெகடிவுக்கு நேராக ஒரே பெயர்: ஏழுமலை, மாகறல். பெட்டியில் ஏழுமலை, மாகறல் என்றிருந்த அட்டையை உருவி, 'கோயில் தெரு' என்று சீட்டில் எழுதி, கடைக்கு ஓடிவந்து உன்னிடம் கொடுத்தேன். மொபெட்டில் பறந்தாய். எவ்வளவு சுலபமாக எடுத்துவிட்டேன் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு கர்வம்.

மறுபடி போன் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து நீதான். "வாத்தியாரே, இவருக்கு பி பாசிட்டிவாம். எந்த ஏழுமலைய சொன்னே?"

பின்னால் அந்த மனிதரின் குரல் கேட்டது. "எங்கூர்ல தெருவுக்கு ஒரு ஏழுமலை கீறான்யா! பேர மட்டும் கேட்டுக்கினு வந்தா?"

கையிலிருந்த அட்டையை அப்போதுதான் முழுசாகப் படித்தேன். பி பாசிட்டிவ் என்று என் கையெழுத்திலேயே இருந்தது. பெட்டியில் அதற்கு அடுத்ததாக இன்னோர் ஏழுமலை, அதே மாகறல், ஓ நெகடிவ். செய்யாற்றங்கரை, பம்ப்செட் கொட்டகை. போனிலேயே படித்துச் சொன்னேன். நீ ஒரு வார்த்தை திட்டவில்லை. போனை வைத்துவிட்டாய்.

அதற்குப் பிறகு ஒன்பதாம் வகுப்புக்குப் போய்க் கரும்பலகையில் ஏதோ எழுதினேன். "சார், அது நேத்தே போட்ட கணக்கு" என்றார்கள் பிள்ளைகள். அழித்துவிட்டு மறுபடி அதையே எழுதினேன்.

மூன்றரை மணிக்கு உன் குரல். "பொழச்சிக்கினா வாத்தியாரே. பொட்டப்புள்ள."

சாயங்காலம் பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்கு வந்தேன். கன்னியம்மாவின் அம்மா உன்னைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "ஏம்பா அம்மாம் நேரம்? எம் பொண்ணு போயிருந்தா?" நீ என் பக்கம் திரும்பவேயில்லை. "வயில பெட்ரோல் தீந்துடிச்சிம்மா. என் தப்புதான்" என்றாய். நான் பக்கத்தில் நின்றேன். வாய் திறக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சைக்கிளுக்கு நம்பர் எழுதும் பிரஷ்ஷோடு என் வீட்டுக்கு வந்தாய். ஒவ்வோர் அட்டைக்கும் ஒரு நம்பர், பெட்டியில் அந்த வரிசை. மூடித் தாளில் பெயருக்குப் பதிலாக அந்த நம்பர். "நம்பர் போட்டா மனுசன் கொறஞ்சிட மாட்டான் வாத்தியாரே. ஆள் மாறாம இருப்பான்" என்றாய். பெட்ரோல் பேச்சை நீயும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. பிறகு எப்போதுமே எடுக்கவில்லை. போன வருஷம் நீயும் போய்விட்டாய்.

மகள் பேசியதைக் கேட்டபின் நேற்று எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. மத்தியானம் கன்னியம்மாவைத் தேடிப் போனேன். அவளுக்குத் தலை நரைத்திருந்தது. முறத்தில் வேர்க்கடலை புடைத்துக்கொண்டிருந்தாள். அட்டை, பெட்டி, ஏழுமலை எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொல்லி, தப்பு என்னுடையது என்றேன்.

அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "இத சொல்லவா சார் இந்த வெயில்ல வந்தே? அந்த மொத ஏழுமலை அன்னிக்கு எங்காளுங்க கூடத்தான குந்திகினு இருந்தாரு. ஆள் மாத்தி இட்டாந்துட்டாங்கன்னு அவரே சொல்லிட்டாரு. பெட்ரோலு கதை சைக்கிள் கடைக்காரரு உனக்கோசரம் சொன்னது. அவரு மொகத்துக்காக எங்கம்மாவும் தெரிஞ்சே வுட்டுடுச்சி."

அந்தப் பொய் எடுபட்டதென்று நம்பியது நான் ஒருவன்தான். மற்றவர்கள் நம்பிவிட்டார்கள் என்று நினைத்து, இத்தனை வருஷம் அவள் வீட்டு வழியே போகாமல் சுற்றிப்போயிருக்கிறேன்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. உட்கார்ந்ததும் தூங்கிவிட்டேன், கண்டக்டர்தான் எழுப்பி இறக்கிவிட்டார். அவ்வளவு நிம்மதி. ஆனால் 'என் தப்புதான்' என்று எனக்காக நீ சொன்ன சொல் மட்டும் இன்னும் என்னிடமே இருக்கிறது. திருப்பிக் கொடுக்க நீ இல்லை. நானே வைத்துக்கொள்கிறேன்.