நீலம் கலக்காத கறுப்பு

இன்று காலை பிரிண்டரின் கரி மைப்போத்தலைக் குலுக்கினேன். சில நாட்களாகத் தொடாததில் கரி அடியில் படிந்து கிடந்தது. குலுக்கக் குலுக்கக் கை உளைந்தது. முன்பென்றால் போத்தலை உன்னிடம் தள்ளிவிட்டு நான் தேத்தண்ணீர் போடப் போயிருப்பேன். இப்போது இரண்டு வேலையும் எனக்குத்தான். களைப்பாக இருக்கிறதடி.

நல்லூரில் என் வீட்டுப் பின்னறையில் நாம் இருவரும் சேர்ந்து இந்தப் பிரிண்டரை வைத்தபோது, கறுப்பு வெள்ளைப் படத்துக்கு இந்தக் காலத்தில் யார் வருவார்கள் என்று கேட்டார்கள். பெரிதாக யாரும் வரவில்லைதான். வந்த ஒருவர் இருவருக்காக நாம் நமக்குள் பிடித்த சண்டைதான் பெரிது. கரி மை தன்னியல்பில் கொஞ்சம் மண்ணிறம். துளி நீலம் சேர்த்தால் குளிர்ந்த சாம்பலாகிவிடும். எனக்கு அந்தக் குளிர்ச்சி பிடிக்கும். கடலுக்கும் கட்டிடத்துக்கும் அது நல்லது என்பேன்.

"கடலுக்குச் சரி. மனுசரைச் சாம்பலாக்கச் சுடலை இருக்கு. நாங்கள் ஏன் அவசரப்படுவான்?" என்பாய்.

மழை விட்ட ஒரு பின்னேரம் உன்னைப் படம் எடுத்தேன். நீலம் ஒரு துளியும் சேர்க்காமல், பருத்திக் கடதாசியில் நீயே அடித்தாய். ஈரம் காயும் வரை பார்த்துக்கொண்டு நின்றாய். "இதுதானடி நான்" என்றாய். நீ பெரியபிள்ளையானபோது எடுத்த சாமத்தியவீட்டுப் படத்தை நானும் பார்த்திருக்கிறேன். ஸ்ரூடியோக்காரன் வெளுத்த வெளுப்பில் கழுத்தில் இருந்த மாலைதான் உன்னுடையது, முகம் வேறு யாருடையதோ.

அந்தப் படத்தை இணுவிலுக்குக் கொண்டுபோய் உன் அம்மாவிடம் காட்டினாய். "ஏன் இவ்வளவு இருட்டு?" என்று கேட்டுவிட்டு அவர் அடுப்படிக்குள் போய்விட்டாராம். சிரித்துக்கொண்டுதான் எனக்குச் சொன்னாய். அன்று மத்தியானம் நீ சாப்பிடவில்லை. நிறம் வெளுக்கட்டும் என்று பயற்றம் மாவும் மஞ்சளும் பூசிப் பூசி உன்னை வளர்த்தவர் அவர். பெண்பார்க்க வந்தவர்கள் உன் நிறத்தைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போனதெல்லாம் அவர் நெஞ்சில்தான் கிடந்தது. அது உனக்கும் தெரியும். தெரிந்தும், உன்னை உன் நிறத்தோடு அவர் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை உனக்குக் கடைசிவரை போகவில்லை.

போன மாதம், உன் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குப் படம் வேண்டுமென்று அம்மா வந்தார்.

"பிள்ளை, அவளைக் கொஞ்சம் நிறமாக்கித் தாவன். வாற சனம் பாக்கட்டும்."

நான் வாதாடவில்லை. நீ என்றால் விட்டிருக்க மாட்டாய். பிள்ளையைப் பறிகொடுத்தவரோடு கரி மையைப் பற்றிக் கதைக்க எனக்குத் தெம்பில்லை. முகத்தை வெளுத்தேன். நீலத்தையும் சேர்த்தேன். பிரிண்டரிலிருந்து யாரோ ஒருத்தி வந்தாள்.

அம்மா அதை யன்னலடிக்குக் கொண்டுபோனார். வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

"வேண்டாம் பிள்ளை" என்றார். "ஆசுப்பத்திரியிலை கடைசியா இப்பிடித்தான் வெளிறிப்போய்க் கிடந்தவள்."

கதிரையில் தொப்பென்று இருந்துவிட்டார். நீ அடித்த அந்தப் படத்தை எடுத்து அவர் மடியில் வைத்தேன். கன்னத்தை விரலால் தடவினார். தொட்டால் படம் பழுதாகும்; தடவட்டும் என்று விட்டேன்.

"ஓம், இவள்தான்" என்றார். பிறகு, எனக்கல்ல, படத்துக்குச் சொன்னார்: "என்ன வடிவாய் இருக்கிறாய் மோனை."

அவரை ஓட்டோவில் ஏற்றிவிட்டு உள்ளே வந்தேன். உனக்குச் சொல்வதற்குப் போனை எடுத்து, உன் பெயர்வரை போய்விட்டேன். பிறகுதான் உறைத்தது. அழகு என்று அம்மா வாயால் கேட்க நீ வருடக்கணக்காய்க் காத்திருந்த சொல் என் காதில் விழுந்துவிட்டது, அதை உன்னிடம் சேர்க்க எனக்கு வழியில்லை. கோபம் கோபமாக வருகிறது. மை குலுக்கும்போதும் கடைக்குப் போகும்போதும் அந்தச் சொல் என் வாயிலேயே நிற்கிறது.

வடிவாமடி நீ. கொம்மா சொன்னவ.