கமலாவின் விலாசம்

ஜனவரி 18, சனி இரவு

பழைய மாணவன் செல்வம் இன்று அரியலூரில் என் வீட்டைத் தேடி வந்தான். என்னைப் பார்க்கத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்து, என் கணவர் இறந்தபின் யாருக்கும் எடுக்காத பீங்கான் கோப்பையில் காபி கொடுத்தேன்.

குடித்துவிட்டுக் கேட்டான்: "கமலா டீச்சர் வூடு எங்கங்க டீச்சர்? நாளைக்கு ஊருக்குக் கெளம்புறேன். அவங்களப் பாக்காம போவ மனசு வரல. நான் படிச்சதே அவங்களாலதான்."

அவனுக்கு ஆங்கிலம் வந்தது என்னால். என்னோடு அதே பள்ளியில் வேலை பார்த்த கமலா வகுப்பில் கதைதான் சொல்வாள்.

"தெரியலையேப்பா" என்றேன்.

செந்துறை விலாசத்தோடு அவள் அனுப்பிய பொங்கல் வாழ்த்து அவன் முதுகுக்குப் பின்னால் அலமாரியில் இருந்தது.

பொய் சொன்ன பிள்ளையை, யாரிடம் சொன்னதோ அவரிடமே போய் ஒப்புக்கொள்ள வைப்பேன். கான்வென்டில் சிஸ்டர்கள் என்னை வளர்த்த விதம் அது. செல்வத்தையும் விட்டதில்லை.

எட்டு மணிக்கு அவனுக்குப் போன் செய்து விலாசத்தைச் சொன்னேன். ஒப்புக்கொள்ள வாய் வரவில்லை. "இப்பதாம்ப்பா ஞாபகம் வந்துச்சு" என்றேன்.

"கதவு நம்பர் மொதக்கொண்டு சொல்றீங்களே! இந்த வயசுலயும் என்னா ஞாபகம் டீச்சர்!"

எனக்கு இனித்தது. இதைக் கமலாவிடமும் சொல்லட்டும் என்று நினைத்தேன்.

கட்டாயம் சொல்வான். வாழ்த்து கிடைத்தது என்று நேற்றுதான் அவளிடம் போனில் பேசினேன்.