சாமந்தியும் மரியாதையும்

ஜூன் 8

காலையில் பின்வாசலில் பல் தேய்த்துக்கொண்டு நின்றேன். மகள் தன் சாமந்திச் செடிகளின் நுனிகளை நறுக் நறுக்கென்று கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். நேற்றுவரை தளதளவென்று நின்ற செடிகள். எனக்குப் பகீரென்றது. என் மேல் இருக்கிற கோபத்தைச் செடியில் காட்டுகிறாளோ?

'மகள்' என்று எழுதிவிட்டேன். என் மனைவியின் மகள். பதினாலு வயது. அவளுடைய அப்பா இறந்து சில வருடங்கள் ஆகின்றன. நான் இந்த வீட்டுக்கு வந்து சில மாதங்கள்தான். இதை யார் படிக்கப் போகிறார்கள், மகள் என்றே இருக்கட்டும்.

ஜூன் 9

மனைவியிடம் மெதுவாகக் கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தாள். "கிள்ளினாத்தாங்க பக்கத்துல கிளை வரும். கிளை வந்தாத்தான் நிறைய பூ. லிஃப்ட் மட்டும்தான் தெரியுமா உங்களுக்கு?"

லிஃப்ட் மட்டும்தான் தெரியும். கதவு மூடவில்லையா, இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டதா, கூப்பிடுங்கள், வருகிறேன்.

ஜூன் 27

அவள் என்னோடு பேசுவதில்லை என்று யாரும் குறை சொல்ல முடியாது. "சாப்பிட்டீங்களா?" "சாவி மேசை மேல இருக்குங்க." "அம்மா வர லேட்டாகுமாம்." வங்கி மேலாளரிடம் பேசுகிற பேச்சு. என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் எதிரில் வந்து நின்று தொண்டையைக் கனைப்பாள். மாமா, அங்கிள், அப்பா — எதுவும் கிடையாது. அம்மாவிடம் மட்டும் நாள் முழுக்க "நீ சும்மா இரும்மா, உனக்கு ஒண்ணும் தெரியாது." கேட்கப் பொறாமையாக இருக்கிறது. காதோரம் நரைத்த பிறகு பொறாமை!

ஜூலை 19

மழை. எல்லாக் கட்டடத்திலும் லிஃப்ட் மக்கர். இடுப்பு விட்டுப்போச்சு.

ஆகஸ்ட் 3

செடிகளருகே அவள் உட்கார்ந்திருந்தபோது நானும் போய் உட்கார்ந்தேன். விரட்டவில்லை. நானும் கிள்ளலாமா என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரு தொட்டியை என் பக்கம் நகர்த்தினாள். "நகம் பட்டா போதுங்க. இழுத்துடாதீங்க."

சாமந்தி இலையின் கசப்பு வாசனை விரலைவிட்டுப் போகவே இல்லை. மனைவி மருந்துக்கடை வேலை முடிந்து வந்ததும் விரலை நீட்டி முகர்ந்து பார்க்கச் சொன்னேன். "போதும், கை கழுவிட்டு வாங்க" என்றாள். சந்தோஷமாக இருந்தேன். அதை ஏன் மறைக்க வேண்டும்?

செப்டம்பர் 21

மகள் பள்ளிச் சுற்றுலா போயிருக்கிறாள். கிளம்பும்போது "தண்ணி மட்டும் ஊத்துங்க, போதும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் அதோடு விடுவேனா? இன்று உட்கார்ந்து எல்லா நுனிகளையும் கிள்ளி முடித்தேன். ஒரு செடி பாக்கியில்லை. வந்து பார்த்து அசந்துபோவாள்.

செப்டம்பர் 23

அசந்துதான் போனாள்.

"அது மொட்டுங்க."

அவ்வளவுதான் சொன்னாள். நுனியில் குட்டி உருண்டையாக இருந்ததெல்லாம் மொட்டாம். கிள்ளுவதை ஆகஸ்டோடு நிறுத்திவிட வேண்டுமாம்; மனைவி பிறகு சொன்னாள். எனக்கு என்ன தெரியும்? என்னை நானே திட்டிக்கொண்டேன்: தெரியலன்னா கேட்டிருக்கணும்ல! கைய வச்சுக்கிட்டு சும்மா இருக்க முடியலையா உனக்கு? மாசக்கணக்கா அந்தப் புள்ள பாத்துப் பாத்து வளர்த்தது, எல்லாம் போச்சு.

மகள் "பரவாயில்லங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். கதவைக்கூட அறைந்து சாத்தவில்லை.

செப்டம்பர் 24

மனைவி சமாதானம் சொன்னாள். "நான் செஞ்சிருந்தா வீட்டையே ரெண்டாக்கியிருப்பா. உங்ககிட்ட மரியாதையா இருக்கா. விடுங்க."

மரியாதை! யாருக்கு வேண்டும்? திட்டியிருந்தால் தேவலை. சொந்த மனிதர்களைத்தானே வாய்க்கு வந்தபடி திட்டுவோம். நான் இன்னும் அந்தக் கணக்கில் வரவில்லை.

அக்டோபர் 5

செடிக்கடையிலிருந்து பூத்த சாமந்தி ஒன்று வாங்கி வந்து கொடுத்தேன். "தேங்க்ஸ்ங்க." தினமும் மறக்காமல் தண்ணீர் ஊற்றுகிறாள். ஆனால் தன் செடிகளோடு சேர்க்கவில்லை, வாசலோரம் தனியாக வைத்திருக்கிறாள்.

அக்டோபர் 29

சமையலறையில் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "கீழ்க்கிளையில பொடிசா மொட்டு வருதும்மா. லேட்டாத்தான் பூக்கும்." என் காதிலும் விழட்டும் என்றுதான் அவ்வளவு சத்தமாகச் சொன்னாளோ?

போய்ப் பார்த்தேன். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தேன்.

நவம்பர் 16

விடாத மழை. மொட்டெல்லாம் அழுகிவிடும் என்று ஜன்னலருகே முகம் வாடி நின்றாள். வேலையில் மிச்சமான இரும்புக் குழாய்களையும் பிளாஸ்டிக் விரிப்பையும் எடுத்துக்கொண்டு இறங்கினேன். கேட்காமல் தொட வேண்டாம் என்று, முதலில் அவளிடம் கேட்டேன். "கூரை போடட்டுமா?"

தலையாட்டினாள். குடையைத் தூக்கிக்கொண்டு அவளும் வந்தாள். நான் முடிச்சுப் போட, அவள் மறுமுனையை இழுத்துப் பிடித்தாள். இருவரும் தொப்பலாக நனைந்தோம். குடை காற்றில் திரும்பிக்கொண்டதும் களுக்கென்று சிரித்தாள். என் முன்னால் அவள் வாய்விட்டுச் சிரித்தது இதுதான் முதல்முறை.

நவம்பர் 17

சளி. அவளுக்கும்.

டிசம்பர் 14

பூத்துவிட்டன. சின்னச் சின்னப் பூக்கள்தான். கொத்துக் கொத்தாக மஞ்சள், ஓரத்தில் ஒரு செடி மட்டும் செங்கல் நிறம். காலை வெயிலில் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது. அந்த மயக்கத்தில் குழாயைத் தூக்கிப் பூவுக்கு மேலேயே தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டிருந்தேன்.

உள்ளேயிருந்து ஓர் அலறல். "ஐயோ, பூ மேல ஊத்தாத! எத்தன தடவ சொல்றது உனக்கு? அறிவே கிடையாதா? வேர்ல ஊத்து, வேர்ல!"

நான் அப்படியே நின்றேன். அவள் வாசற்படியில், கையில் சீப்போடு, பாதி பின்னிய தலையோடு. என்ன சொன்னோம் என்று அவளுக்கே தெரியவில்லை. சமையலறையிலிருந்து மனைவி பதறி எட்டிப் பார்த்தாள். "என்னடி இது, பெரியவங்கள நீ வா போன்னு —"

பேசாதே என்று மனைவிக்கு அவசரமாகக் கண்ணைக் காட்டினேன்.

"இன்னும் மேலயே ஊத்திட்டு இருக்க பாரு!"

ஆமாம். குழாயை உடனே தாழ்த்தவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் திட்டட்டுமே.