சொந்தக் குரல் வரும்வரை

பிப்ரவரி 3, செவ்வாய்

தோசை கருகிவிட்டது. "மனசு எங்க கெடக்கு மக்களே?" என்று கேட்டார்கள் மாமியார் ஞானபாய் அத்தை. எங்கே கிடக்கும்? ஆரல்வாய்மொழி நேர்மின் நிலையத்தின் கண்ட்ரோல் ரூமில்தான்.

அடுத்த செவ்வாய் உயரழுத்த லைனில் நாங்களே வேண்டுமென்று ஒரு பழுதை உண்டாக்கிப் பார்க்கப் போகிறோம். மெல்லிய செம்புக் கம்பியின் ஒரு முனையைப் பூமியில் பதித்து, மறுமுனையை அம்பில் கட்டி லைன்மேல் எய்வார்கள். அப்போது பாயும் கரண்டை அடக்க வேண்டியது நான் வைத்த செட்டிங்.

எய்கிறவர் என் வீட்டுக்காரர் ஸ்டெனி.

பிப்ரவரி 5, வியாழன்

வீட்டுக் கரண்ட் நொடிக்கு நூறு தடவை தானே பூஜ்யத்துக்கு வரும். அந்த இடத்தில் பிரேக்கர் வெட்டிவிடும். எங்கள் லைனில் ஓடும் நேர்மின்சாரம், அதாவது டி.சி., அப்படித் தானாகப் பூஜ்யத்துக்கு வராது. மின்னழுத்தத்தைத் திருப்பிப் போட்டு நாம்தான் இறக்க வேண்டும். கொஞ்சம் பொறுத்து லைன் தானே மறுபடி மின்சாரத்தோடு ஏறிப் பார்க்கும். மூன்று முறை முயன்றும் முடியாவிட்டால் பூட்டிக்கொள்ளும். அதற்குமேல் ஏற்ற ஒரு ஆள் பட்டனை அழுத்த வேண்டும்.

அந்த ஆள் நான்.

கம்ப்யூட்டரில் எத்தனை முறை ஓட்டினாலும் சரியாகவே வருகிறது. கம்ப்யூட்டரில் யாரும் லைனுக்கு அடியில் நிற்பதில்லையே.

"நீ அங்க இருக்கும்போ எனக்கு என்னத்துக்குட்டி பயம்?" என்கிறார் ஸ்டெனி. எனக்குக் கோபம்தான் வந்தது.

பிப்ரவரி 8, ஞாயிறு

அத்தை சபையில் ஜெபக் குறிப்பு கொடுத்திருக்கிறார்கள். "சகோதரி ஸ்மைலின் பார்க்கும் லைனில் ஒரு பழுதும் வராதபடி ஜெபிப்போம்" என்று சபைப் போதகர் ஐயர் வாசித்தார். பழுது வராவிட்டால் டெஸ்ட்டே இல்லை! ஆண்கள் பக்கத்திலிருந்து ஸ்டெனி என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, பின்னாலேயே அழுகையும். ஆமென் சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 10, செவ்வாய்

நடந்ததை எழுதிப் பார்க்கிறேன்.

டெஸ்ட் நேரத்தில் கண்ட்ரோல் ரூமில் செல்போன் கூடாது. டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். அம்பு போனது. கரண்ட் குத்தென்று ஏறி, உடனே இறங்கியது. என் செட்டிங் பிடித்துவிட்டது. ஆனால் லைன் திரும்ப ஏறவில்லை. மூன்று முறையும் விழுந்து பூட்டிக்கொண்டது.

எங்கள் மேலாளர் செல்வதாஸ் சாருக்கு மேலதிகாரிகளிடமிருந்து மேசை போனில் அழைப்புமேல் அழைப்பு. வாக்கிடாக்கியில் களத்துச் சூப்பர்வைசர், "கம்பி எரிஞ்சு போச்சு, எல்லாரும் வெளிய வந்தாச்சு" என்றார்.

"ஏத்து ஸ்மைலின். மேலேருந்து கேக்காவ."

ஏற்றியிருக்கலாம். விதிப்படி சரிதான். ஆனால் ஸ்டெனியின் குரல் கேட்கவில்லை. "ஸ்டெனி பேசட்டும் சார்."

"இது வீடில்ல கேட்டியா? ஆளு வெளிய இருக்கார்னு சொல்லியாச்சுல்லா?"

"அவரு பேசட்டும்."

சூப்பர்வைசர், "இங்கதான் நின்னாரு..." என்று இழுத்தார். பிறகு யாரோ "ஸ்டெனி! ஏலே ஸ்டெனி!" என்று கத்துவது வாக்கிடாக்கியில் கேட்டது. கர்த்தாவே. பட்டனிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

எவ்வளவு நேரமோ. மூச்சிரைக்க அவர் குரல்: "டவருக்கடியில நிக்கேன். லைன்ல ஒரு துண்டு கம்பி தொங்குகு. ஏத்தாதீங்க."

டிராயரைத் திறந்தபோது என் போனில் அவருடைய அழைப்புகள். தொங்கும் கம்பியைப் பார்க்க அடியில் போகிறேன் என்று என்னிடம் சொன்னால் போதும் என்று நினைத்திருக்கிறார். நான் போனை எடுக்காதபோதும் போயிருக்கிறார்.

வீட்டில் கேட்டேன். "நீ லைன ஏத்தாம பிடிச்சு வெச்சிருப்பேன்னு நெனச்சேன்" என்றார். வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

பிப்ரவரி 11, புதன்

கண்ணை மூடினால் பட்டன்.

பிப்ரவரி 19, வியாழன்

மறு டெஸ்ட் இன்று. புருஷனும் பெண்டாட்டியும் ஒரே வேலையில் வேண்டாம் என்று ஸ்டெனியை ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள். அம்பு எய்யத் தாணுமாலயன் போனார். ஸ்டெனி இல்லையே என்று நிம்மதியாக இருந்தது. காலையிலேயே தாணுமாலயனின் மனைவி நாகம்மை போன் பண்ணி, "அக்கா, கொஞ்சம் பாத்துக்கிடுங்க" என்றாள். நிம்மதிப்பட்டதற்கு வெட்கமாகப் போய்விட்டது.

கரண்ட் அடங்கியது. ஆனால் இன்றும் லைன் பூட்டிக்கொண்டது. கம்பியை எடுத்தாயிற்று என்று தகவல் வந்தது. நான் வாயைத் திறக்குமுன் செல்வதாஸ் சார், "தாணுமாலயன் பேசட்டும். ஒவ்வொருத்தரும் பேசட்டும்" என்றார். ஒவ்வொரு குரலாக வந்தது. அழுத்தினேன். லைன் ஏறி, விழாமல் நின்றது.

பயம் குறையும் என்றிருந்தேன். குறையவில்லை.

சாயந்தரம் நாகம்மை மறுபடி கூப்பிட்டாள். "இனியும் நீங்கதான அக்கா அங்க இருப்பிய?"

ஆமாம் என்றேன்.