மாங்கன்று வந்த நாள்

1934, ஆனி 9, இரவு

மலைக்கு அந்தப் பக்கம் இருந்த அரியணையை இழந்து என் வீட்டுக்காரருடைய தாத்தா அனுமந்தன்பட்டிக்கு வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் ஒரு கட்டுப்பாடு. நெல் விதைக்கலாம், சோளம் விதைக்கலாம். மரம் மட்டும் வைக்கக் கூடாது. வைத்தால், திரும்பிப் போகிற எண்ணத்தை விட்டுவிட்டோம் என்று ஆகிவிடுமாம். நான் கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு கறிவேப்பிலைக் கன்று நட்டேன். மாமியார் மறுநாளே பிடுங்கிப் போட்டார்கள்.

அரியணையைத் திரும்பக் கேட்டு வைஸ்ராய்க்குப் போட்ட கடைசி மனுவுக்குப் பதில் வந்திருக்கிறது என்று மதுரைக்குப் போனவர் இன்று மத்தியானம் திரும்பினார். பதிலைப் பற்றிப் பேச்சே இல்லை. பெரியகுளத்தில் ஒரு மாங்கன்று வாங்கி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். நானும் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் அந்த முகம் தாங்காது.

நேரே கொல்லைக்குப் போய் மண்வெட்டியை எடுத்தார். அதைப் பிடிக்கக்கூடத் தெரியவில்லை, பாவம். வேட்டியெல்லாம் மண். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

"அத்தை பாத்தாகன்னா பிடுங்கிப்புடுவாக" என்றேன்.

"பிடுங்கட்டும். நாளைக்கு இன்னொண்ணு வாங்கியாறேன்."

அதற்குள் அத்தையே வந்துவிட்டார்கள். கன்றைப் பார்த்தார்கள். மகனைப் பார்த்தார்கள். மனு என்ன ஆயிற்று என்று அவர்களும் கேட்கவில்லை. குழிக்குப் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார்கள்.

பிறகு மெதுவாகச் சொன்னார்கள்: "குழி பத்தாதுய்யா. வேர் ஓடணும்ல, இன்னும் ஆழமாத் தோண்டு."